இராவணன் பக்கத்து நியாயம்

கதை சொல்லுகிறவன் எந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சொல்லுகிறானோ, அந்த வீட்டாருக்கே கதையில் நியாயம் மிகுதியாகக் கிடைக்கும். அயோத்தித் திண்ணையில் அமர்ந்து கேட்டால் இராவணன் பிறன்மனை கவர்ந்த கொடியவன். இலங்கைத் திண்ணையில் அமர்ந்து கேட்டால் அவன் தங்கையின் மூக்கை அரிந்தவர்களைப் பழிவாங்கப் புறப்பட்ட தமையன். இந்த இரண்டாவது திண்ணை இக்காலத்தில் கலைஞர்களைப் பெரிதும் கவர்ந்து வருகிறது. கதையில் யாரைக் கண்டு குழந்தைகள் அஞ்சினார்களோ, அவரையே நடுவில் நிறுத்தி, "இவர் பக்கத்தையும் கேளுங்கள்" என்று நம்மை அழைக்கும் படங்கள் கீழ்நாட்டிலும் மேல்நாட்டிலும் வெளிவந்துள்ளன. அவற்றுள் தமிழர்க்கு மிகவும் நெருக்கமானது, மணிரத்தினம் இயக்கி 2010 ஜூன் 18-இல் வெளிவந்த 'இராவணன்'. வெளிவந்து பல ஆண்டுகள் சென்றுவிட்டன. எனினும், எதிரியின் பக்கத்தைச் சொல்லும் கதை எதைச் செய்யவேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று எண்ணிப் பார்க்க இதனினும் ஏற்றதொரு படம் தமிழில் இல்லை.

படத்தின் கதை

மலைநாட்டு மக்களிடையே தலைவனாக விளங்கும் வீரையா, காவல்துறைக் கண்காணிப்பாளர் தேவ் பிரகாஷின் மனைவி இராகினியைப் படகோடு மறித்துக் கவர்ந்து செல்கிறான். காரணம் பின்னரே நமக்குத் தெரிகிறது. வீரையாவின் தங்கை வெண்ணிலாவின் மணநாளன்று காவலர் புகுந்து சுட்டனர். மணமகன் ஓடிவிட்டான். தமையன் இருக்குமிடம் அறிய வெண்ணிலாவை இழுத்துச் சென்றவர்கள் காவலில் வைத்து அவளைக் கெடுத்தனர். அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். அதற்கு ஈடாகவே அதிகாரியின் மனைவி சிறைபிடிக்கப்படுகிறாள். பதினான்கு ஆண்டு வனவாசம் இங்கே 14 நாளாகச் சுருங்கியிருக்கிறது. அனுமனாகக் காட்டிலாகா ஊழியர் ஞானப்பிரகாசம் வருகிறார். வீடணன் போல் சமாதானம் நாடி வருகிறான் இளையவன் சக்கரை. அவனைத் தேவ் சுட்டுக் கொல்லுகிறான். பாலத்தில் நிகழும் சண்டையில் வீரையா தன் எதிரியின் உயிரைக் காக்கிறான். இராகினியையும் விடுவிக்கிறான். ஊர் திரும்பும் தொடர்வண்டியில் தேவ் தன் மனைவியை ஐயுறுகிறான். உண்மை அறியும் கருவியின் முன் அமரச் சொல்லுகிறான். அவள் வண்டியை நிறுத்தி இறங்கி, வீரையாவிடமே விளக்கம் கேட்கத் திரும்பிச் செல்லுகிறாள். கணவன் எதிர்பார்த்ததும் அதுவே. பின்தொடர்ந்து வந்த காவலர் வீரையாவைச் சுட்டு வீழ்த்துகின்றனர். அவன் அவளைக் குண்டுகளின் வழியினின்று விலக்கிவிட்டு, புன்னகையோடு பள்ளத்தில் வீழ்கிறான்.

வீரையாவாக விக்ரமும், இராகினியாக ஐசுவரியா ராயும், தேவாகப் பிருதிவிராசும் நடித்தனர். அதே நாளில் வெளிவந்த இந்திப் படத்தில் விக்ரமே அதிகாரியாக நடித்தார் என்பது சுவையான செய்தி. ஒரே மனிதர் ஒரு மொழியில் இராவணன், மற்றொரு மொழியில் இராமன்! நியாயம் இடம் மாறுவதற்கு இதைவிட நல்ல சான்று எங்கே தேடுவது?

படத்தின் சிறப்புகளை மறைத்துக் குறை பேசுதல் முறையன்று. சந்தோஷ் சிவனும் மணிகண்டனும் மழையையும் பாறையையும் படம் பிடித்துள்ள திறம் கண்ணைவிட்டு அகலாது. அதிரப்பள்ளி அருவி வெறும் பின்னணியாக இல்லாமல் வீரையாவின் அரண்மனையாகவே நிற்கிறது. பத்துத் தலைகளைக் காட்டாமல், ஒரே முகத்தில் பல குரல்கள் ஒன்றையொன்று மறுத்துப் பேசுவதாக விக்ரம் நடித்திருக்கிறார். சினம், கேலி, ஏக்கம், வெட்கம் ஆகியவை நொடிக்கு நொடி அவர் முகத்தில் மாறுகின்றன. பத்துத் தலை என்பதற்கு இது நல்லதோர் உரை. தீக்குளித்தலை உண்மை அறியும் கருவியாக மாற்றியதும் கூரிய கற்பனையே. ஐயம் பழையது, கருவிதான் புதியது என்று அக்காட்சி நமக்கு உணர்த்துகிறது.

புதிய வழியன்று

இலங்கைத் திண்ணையில் அமர்ந்து கதை சொன்னவர்களில் மணிரத்தினம் முதல்வரல்லர். பிராகிருதத்தில் விமலசூரி இயற்றிய 'பௌமசரியம்' என்னும் சமண இராமாயணத்தில் இராவணன் அரக்கன் அல்லன். கல்வியும் பக்தியும் உடையவன். விரும்பாத பெண்ணைத் தீண்டுவதில்லை என்று நோன்பு கொண்டவன். தமிழில் புலவர் குழந்தை 1946-இல் 'இராவண காவியம்' இயற்றினார். அதில் இராவணன் தமிழ்த் தலைவன். அறிஞர் அண்ணா முன்னுரை எழுதிய அந்நூலுக்குச் சென்னை மாகாண அரசு 1948-இல் தடை விதித்தது. 1971-இல்தான் அத்தடை நீங்கியது. ஒரு கதையின் திண்ணையை மாற்றுவது எத்துணைப் பெரிய செயல் என்பதற்கு இந்த 23 ஆண்டுகளே சாட்சி. மேடையில் ஆர். எஸ். மனோகர் 'இலங்கேசுவரன்' நாடகத்தை நடத்திப் பெரும் புகழ் பெற்றார். திரைப்படங்களில் கொடியவனாக வந்து வந்து பழகிய ஒருவர், மேடையில் கொடியவர் எனப்பட்டோரின் பக்கத்தைப் பேசப் புறப்பட்டது பொருத்தந்தானே? 1958-இல் வந்த 'சம்பூர்ண இராமாயணம்' படத்திலும், டி. கே. பகவதியின் இராவணன் வீணை வல்லவனாகப் பெருமிதத்தோடு உலவியதை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

நாம் வாழும் இந்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. மலாய் மொழியின் 'இக்காயாட் செரி ராமா' இராவணனின் கதையையே முதலில் விரிவாகச் சொல்லுகிறது. செராண்டிப் மலைக்குத் துரத்தப்பட்ட இராவணன் அங்கே கடுந்தவம் புரிகிறான். நபி ஆதமின் வழியாக இறைவனிடம் வரம் பெற்று உலகங்களை ஆளுகிறான். சீதை அவன் மகளென்றே அந்நூல் கூறும். பிறந்தவுடன் பெட்டியில் இட்டுக் கடலில் விடப்பட்ட குழந்தையை மகரிசி காளி எடுத்து வளர்க்கிறார். இந்நூலின் பழைய கையெழுத்துப் படி ஒன்று 1633-ஆம் ஆண்டிலேயே ஆக்சுபோர்டு போட்லியன் நூலகத்தைச் சென்றடைந்தது. கிளந்தான் தோற்பாவைக் கூத்தர்களோ தங்கள் கதைக்கு 'மகாராசா வானா கதை' என்றே பெயர் வைத்தார்கள். வானா என்பது இராவணனே. இராமனின் கதைக்கு எதிரியின் பெயரைச் சூட்டுவதில் அவர்களுக்கு எந்தக் கூச்சமும் இருக்கவில்லை.

மேல்நாட்டுக் கதை

மேல்நாட்டில் இவ்வகைப் படங்களுள் பெரும்புகழ் பெற்றது 2014-இல் வந்த 'மாலிஃபிசென்ட்'. அஞ்செலினா ஜோலி நடிக்க, இராபர்ட்டு சுதிரோம்பெர்க்கு இயக்கியது. உறங்கும் அழகியின் கதையைச் சாபமிட்ட தேவதையின் பக்கமிருந்து அது சொல்லுகிறது. இக்கதையைப் பிரெஞ்சில் பெரோ 1697-இல் எழுதினார். செர்மனியில் கிரிம் உடன்பிறந்தார் 1812-இல் தம் தொகுப்பில் சேர்த்தனர். கிரிம் கதையில் நாட்டில் 13 அறிவுடைப் பெண்டிர் இருக்கின்றனர். அரசனிடம் இருப்பவை 12 பொற்றட்டுகளே. ஆகவே ஒருத்திக்கு அழைப்பு இல்லை. அழைக்கப்படாத அவள் விருந்துக்கு வந்து, குழந்தை கதிர்க்கோல் குத்திச் சாகவேண்டும் என்று சபிக்கிறாள். ஒரு தட்டுக் குறைந்ததற்கு ஓர் உயிரா என்று நாம் திடுக்கிடுகிறோம். அத்திடுக்கீடே கதையின் உயிர்.

2014-ஆம் ஆண்டுப் படத்தில் தட்டு மறைந்து போயிற்று. அதற்கு மாறாக, அத்தேவதையை நேசிப்பதாக நடித்த இசுடீபன் அரச பதவியை விரும்பி, அவளுக்கு மயக்க மருந்து கொடுத்து அவள் சிறகுகளை வெட்டி எடுத்துச் செல்கிறான். அவள் சபிப்பது அவனுடைய மகளை. பின்னர் அக்குழந்தையின் மீது அவளுக்கே அன்பு பிறக்கிறது. உறக்கம் கலைப்பது இளவரசனின் முத்தமன்று, சபித்தவளின் தாய்மை முத்தம். உள்ளத்தை உருக்கும் மாற்றந்தான், ஐயமில்லை. ஆனால் இரு படங்களையும் அருகருகே வைத்து நோக்குக. சிறகு வெட்டுண்ட தேவதையும் தங்கையை இழந்த வீரையாவும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள். இருவர்க்கும் முதலில் பெருங்கொடுமை இழைக்கப்படுகிறது. இருவரும் அக்கொடுமைக்குத் தொடர்பில்லாத ஒரு பெண்ணின்மேல் பழி தீர்க்க முனைகிறார்கள். அப்பெண்ணின் மீதே இருவர்க்கும் அன்பு பிறக்கிறது. அந்த அன்பினால் இருவரும் தூய்மை பெறுகிறார்கள். பழைய கதையின் நாயகனோ அரசனோ உண்மைக் கொடியவனாக அம்பலப்படுகிறான்.

எது பெற்றோம், எது இழந்தோம்

இந்த அச்சினால் நாம் பெற்றதை முதலில் சொல்லவேண்டும். சூர்ப்பணகையின் மூக்கு அறுபட்டதைச் சொல்லும்போது நம் கதா காலட்சேபங்களிலும் கூத்துகளிலும் எழுந்தது சிரிப்பு. ஒரு பெண்ணின் முகத்தை வெட்டிய செயல் நகைச்சுவையாகக் காலங்காலமாகக் கழிந்து வந்தது. வெண்ணிலாவின் கதையைக் கேட்டபின் யாரும் சிரிக்க இயலாது. அந்தச் சிரிப்பை நம் வாயில் நிறுத்தியது மணிரத்தினத்தின் படம் செய்த நன்மை. அதற்காக அவருக்கு நன்றி சொல்லலாம்.

இழந்தது யாது? எதிரியின் பக்கத்தைச் சொல்லுவது வேறு, எதிரியைக் குற்றமற்றவனாக்குவது வேறு. முன்னது அறிவைப் பெருக்கும். பின்னது பழைய கணக்கையே பெயர் மாற்றி எழுதும். பழைய கதையில் இராமன் முழு வெள்ளை, இராவணன் முழுக் கறுப்பு என்று குறைகூறிப் புறப்பட்டவர்கள், வீரையாவை வெள்ளையாக்கித் தேவைக் கறுப்பாக்கி முடித்தால் நம் பார்வை விரிந்ததாகாது. தேவ் தொடக்கத்தில் கடமை வீரனாகத் தோன்றுகிறான். படம் செல்லச் செல்ல அவனிடமிருந்து ஒவ்வொரு நற்பண்பாகப் பறிக்கப்படுகிறது. சமாதானம் பேச வந்தவனைச் சுடுகிறான். மனைவியை ஐயுறுவதையே தூண்டிலாக்குகிறான். வீரையா உயர உயர அவன் தாழ்ந்தே ஆகவேண்டும் என்பது போல் கதை அமைந்திருக்கிறது. தராசுக்கு இரண்டு தட்டுகள் உண்டு, உண்மைதான். ஆனால் மனித வாழ்க்கை தராசன்று. இரு பக்கமும் ஒருங்கே உயர்வதும் உண்டு, ஒருங்கே தாழ்வதும் உண்டு.

இவ்விடத்தில் கம்பனை நினைக்காதிருக்க முடியவில்லை. கம்பன் இராமன் பக்கத்துக் கவிஞன். அதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆயினும் அவன் காட்டும் இராவணனைப் போன்ற பேருருவை, இராவணனுக்காகவே எடுத்த படத்திலும் நாம் காணவில்லை. வான்மீகத்தில் இராவணன் சீதையைப் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பனோ, இராவணன் அவளைத் தீண்டாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துச் சென்றதாக மாற்றினான். முதல் நாட் போரில் படையும் படைக்கலமும் இழந்து வெறுங்கையோடு இலங்கை புகும் இராவணன், விண்ணவரும் மண்ணவரும் நகைப்பதற்கு நாணவில்லை, சீதை நகைப்பாளே என்று நாணுகிறான். காமத்தின் இழிவும் காதலின் ஏக்கமும் பிரிக்க முடியாதபடி அந்த ஒரு நாணத்தில் கலந்து கிடக்கின்றன. கும்பகருணன் தமையனை நோக்கி, நீ செய்தது பிழையென்று நேருக்கு நேர் இடித்துரைக்கிறான். உரைத்தபின், அவனுக்காகவே போர்க்களம் சென்று மடிகிறான். பிழையென்று சொல்லும் குரல் இலங்கைக்குள்ளேயே, உண்ட சோற்றுக்கு நன்றியுடைய ஒருவன் வாயிலிருந்தே எழுகிறது. கம்பன் இராவணனின் குற்றத்தில் ஓர் எள்ளளவும் குறைக்கவில்லை. பெருமையிலும் ஓர் எள்ளளவு குறைக்கவில்லை. குற்றம் உடையவனும் பெரியவனாக இருக்கலாம் என்பதும், பெரியவன் ஆனதால் குற்றம் இல்லையாகிவிடாது என்பதும் அவன் நமக்குக் கற்பித்த பாடம்.

திரைப்படத்தில் அந்த உட்குரலுக்கு என்ன நேர்ந்தது? வீரையாவின் அணியில் போரை நிறுத்தி அமைதி காண விரும்பியவன் சக்கரை. அவன் குரலுக்கு வீரையா விடை சொல்லவேண்டிய நிலை வருமுன்னரே தேவின் துப்பாக்கி அவனை வீழ்த்திவிடுகிறது. அதனால் வீரையா தன்னைத் தானே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி, கேட்கப்படாமலே போய்விட்டது. 'என் தங்கைக்கு இவள் என்ன செய்தாள்?' என்பதே அந்தக் கேள்வி. வெண்ணிலாவைத் தொட்டவள் இராகினி அல்லள். ஆற்றில் மறிக்கப்பட்டு, மழையிலும் சேற்றிலும் 14 நாள் அலைக்கழிக்கப்பட்டு, பாறையினின்று குதித்து உயிர்விடத் துணிந்தவள் அவள். ஒரு பெண்ணுக்குச் செய்த கொடுமைக்கு மற்றொரு பெண் விலையாக வைக்கப்பட்டாள். அவளைத் தீண்டவில்லை என்பது வீரையாவின் பெருமையாகப் பேசப்படுகிறது. தீண்டாமல் வைத்திருந்தாலும் சிறை சிறைதான். படத்தின் இறுதியில் வீரையா புன்னகையோடு வீழ்கிறான், அவனுக்கு நிறைவு கிடைத்துவிட்டது. கணவனையும் இழந்து, காத்தவனையும் இழந்து நிற்கும் இராகினி இனி எங்கே செல்வாள்? இலங்கைத் திண்ணையும் அயோத்தித் திண்ணையும் மாறி மாறிப் பேசியும், அசோகவனத்துத் தரையில் அமர்ந்திருந்தவளின் பக்கம் இன்னும் சொல்லப்படவில்லை.

மணிரத்தினத்தால் இது இயலாததன்று. 1991-இல் அவர் எடுத்த 'தளபதி'யில் கர்ணனின் பக்கத்தைச் சொன்னார். அங்கே சூரியா கைவிடப்பட்ட குழந்தை. அவன்மேல் நமக்கு இரக்கம் பிறக்கிறது. ஆயினும் அவன் கைகள் கறைபட்டவை என்பதைப் படம் மறைக்கவில்லை. தன்னால் கொலையுண்டவனின் மனைவியும் குழந்தையும் அவன் கண்முன் நின்றுகொண்டே இருக்கிறார்கள். மறுபக்கம் நிற்கும் தம்பியும் நேர்மையாளனாகவே நிற்கிறான். இருவரையும் உயர்த்தி நிறுத்தத் தெரிந்த அக்கை, 19 ஆண்டு கழித்து ஒருவனைத் தாழ்த்தித்தான் மற்றவனை உயர்த்தியது.

வகுப்பறையில் ஒரு சோதனை

இது வெறும் இலக்கிய விவகாரம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. ஆசிரியத் தொழிலில் இருப்போர் இதன் பயனை நாள்தோறும் காண்கிறோம். நம் தமிழ்ப்பள்ளிகளில் 'தன்கதை' என்னும் கட்டுரை வகை உண்டு. 'நான் ஒரு பேனா', 'நான் ஒரு குடை' என்று பிள்ளைகள் எழுதுவார்கள். பிறிதொன்றின் நிலையில் நின்று உலகைப் பார்க்கும் நல்ல பயிற்சி அது. ஒருமுறை மேல் வகுப்புப் பிள்ளைகளிடம், 'நான் ஒரு திருடன்' என்று எழுதச் சொன்னேன். ஏறத்தாழ எல்லாத் திருடர்களுக்கும் நோயாளித் தாய் இருந்தாள். மருந்து வாங்கவே எல்லாரும் திருடினர். திருட்டுக் கொடுத்தவனோ எல்லார் கட்டுரையிலும் இரக்கமற்ற பணக்காரன். ஒரே ஒரு மாணவன் மட்டும் வேறுவிதமாக எழுதியிருந்தான். அவனுடைய திருடன் ஒரு மிதிவண்டியைக் கண்டான், ஆசைப்பட்டான், எடுத்துக்கொண்டான். பிறகு அதன் சொந்தக்காரச் சிறுவன் நடந்தே பள்ளிக்குப் போவதைப் பார்க்க நேர்ந்தது. அன்று முதல் அந்தத் தெரு வழியே வண்டியை ஓட்ட அவனுக்கு மனம் வரவில்லை. எழுத்துப் பிழைகள் நிறைந்த அக்கட்டுரையே அன்று வாசிக்கப்பட்டவற்றுள் உண்மையானது. அதில் திருடனின் மனம் இருந்தது. மற்றவற்றில் திருடனுக்கான வக்கீல் மட்டுமே இருந்தார்.

பேராவில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு கூடுதலாகத் தேவைப்படுகிறது. தங்கள் பக்கம் சொல்லப்படாதவர்களின் வழிவந்தோர் அவர்கள். இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது, பாட்டாளிகளைத் தோட்டத்துச் சொந்தக்காரர்களாக்கும் எண்ணத்தோடுதான். ஆயினும் பின்னாளில் எத்தனையோ தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறின. குடும்பங்கள் ஈப்போவின் ஓரங்களுக்கும் பிற பட்டணங்களுக்கும் பெயர்ந்தன. பட்டணத்தில் அப்பிள்ளைகளுள் சிலர் வழிதவறியபோது செய்தி ஏடுகளில் அவர்கள் பெயர் வந்தது. அவர்கள் வந்த வழி வரவில்லை. எனவே, 'எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்' என்று திரையில் ஒருவன் முழங்கும்போது நம் இளைஞர் ஆரவாரிப்பது இயல்பே. அந்த ஆரவாரத்தை ஏளனம் செய்வோர் நம் வரலாறு அறியாதவர்.

ஆனால் அந்த இளைஞனுக்கு நாம் எதைக் கொடுத்தனுப்புகிறோம்? 'உனக்கு அநீதி நேர்ந்தது' என்று ஒருவர் அவனிடம் சொன்னால் அவன் தலை நிமிர்வான். 'உனக்கு அநீதி நேர்ந்தது, ஆகவே நீ செய்வதெல்லாம் நீதி' என்று சொன்னால் அவன் கெடுவான். அவனால் அடிபடுகிறவன் பெரும்பாலும் அவனுக்குத் தீங்கு செய்த முதலாளியோ அதிகாரியோ அல்லன். அடுத்த வரிசை வீட்டிலிருக்கும் மற்றோர் ஏழையே அடிபடுகிறான். வெண்ணிலாவுக்காக இராகினி துன்புற்ற கதை, நம் தாமான்களில் வேறு பெயர்களோடு நடந்துகொண்டுதான் இருக்கிறது. பொற்றட்டுக் கிடைக்காத சினத்துக்குக் குழந்தையைச் சபித்த பழங்கதை, சிறு அவமதிப்பும் பெருங்கேட்டை விளைக்கும் என்று பிள்ளைகளுக்கு எச்சரித்தது. தட்டை எடுத்துவிட்டுச் சிறகை வைத்தபோது அந்த எச்சரிக்கையும் கதையை விட்டு நீங்கிற்று.

ஆகவே, எதிரியின் பக்கத்தைச் சொல்லவேண்டா என்பது நம் கட்சியன்று. நன்றாகச் சொல்லுங்கள் என்பதே நம் வேண்டுகோள். அவன் காயத்தைக் காட்டுங்கள். அவன் கையினால் காயம்பட்டவரையும் அதே வெளிச்சத்தில் காட்டுங்கள். அவனுடைய அணியிலிருந்தே ஒருவன் எழுந்து, 'அண்ணா, இது பிழை' என்று சொல்லட்டும். அண்ணன் அதற்கு விடை சொல்லமுடியாமல் நிற்கட்டும். அதன் பிறகும் நாம் அவனை நேசிக்கும்படி செய்ய வல்லவரே கலைஞர். 'இராவணன்' படத்தைப் பிள்ளைகளோடு காணும் பெற்றோர், படம் முடிந்ததும் நல்லவன் யார், கெட்டவன் யார் என்று கேட்பதை விட்டு, இராகினிக்கு இனி யார் துணை என்று கேட்பாராயின், படம் சொல்லாமல் விட்ட பகுதியை அப்பிள்ளைகளே சொல்லத் தொடங்குவார்கள்.